இமைத்தொய்வு அறுவைச் சிகிச்சையும் மயஸ்தீனியா கிராவிஸ் நோயும்: ஒரு வரலாறு

இமைத்தொய்வு என்பது மேல் இமை இருக்க வேண்டிய உயரத்தில் நிற்காமல் கண்மணியின் மேல் தாழ்ந்து விழும் நிலையாகும். பிறவிக் குறை, முதுமை, காயம், நரம்புக் கோளாறு, தசைக் கோளாறு எனப் பல காரணங்களால் இது ஏற்படுகிறது. மயஸ்தீனியா கிராவிஸ் அக்காரணங்களுள் ஒன்று. நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தி சந்திப்பில் தடைபடுவதால் தசைகள் விரைவில் சோர்ந்துபோகும் நாட்பட்ட நோய் இது. இந்நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் அறிகுறி கண்ணில்தான் தோன்றுகிறது. இமை தாழும் அல்லது பார்ப்பவை இரட்டையாகத் தெரியும்.

கண்ணாடியில் முகம் பார்ப்பவருக்கு இமைதான் குறையுடையதாகத் தெரியும். எனவே இமையைச் சரிசெய்துகொண்டால் போதும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இந்நோயில் கோளாறு இமையின் தோலிலும் இல்லை, இமைதூக்கித் தசையின் அமைப்பிலும் இல்லை. இதை மருத்துவ உலகம் அறிந்துகொள்ள ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. இமை அறுவைச் சிகிச்சையின் வரலாறும் இந்நோயின் வரலாறும் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டில்தான் ஒன்றையொன்று சந்தித்தன.

இமை அறுவையின் தொடக்கம்

தளர்ந்த இமைத்தோலை வெட்டி நீக்கும் முறை மிகப் பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் தமது மருத்துவ நூலில் மேல் இமையின் மிகுதித் தோலை அறுத்து நீக்கித் தைப்பதை விவரித்துள்ளார். பத்தாம் நூற்றாண்டு முடிவில் ஸ்பெயினின் கோர்தோபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அல் சஹ்ராவி, தளர்ந்த இமைக்குச் சூடு வைக்கும் முறையைக் கையாண்டார். தோல் சுருங்கினால் இமை உயரும் என்பதே இவற்றின் அடிப்படை.

இந்தியாவின் சுசுருத சம்ஹிதை இமை நோய்களைத் தனியாக வகைப்படுத்தி, அவற்றுள் பலவற்றுக்கு அறுவை முறைகளைக் கூறுகிறது. அதே நூல், வாதத்தால் பிடிப்பு விட்டு அசைவிழந்த இமை என்றொரு நோயைக் குறிப்பிட்டு, அதைத் தீராத நோய்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. அறுவை மருத்துவத்துக்கே பெயர்பெற்ற ஒரு நூல், கத்தியால் தீராத இமைக் கோளாறும் உண்டு என்று பிரித்துச் சொல்லியிருப்பது கவனிக்கத்தக்கது. அந்நூல் கூறும் நோய் இன்றைய மயஸ்தீனியா கிராவிஸ் என்று கொள்ள ஆதாரம் இல்லை. எனினும் தோலின் தளர்ச்சி வேறு, இமையின் செயலிழப்பு வேறு என்ற பாகுபாடு அதில் உள்ளது.

இமைச் சீரமைப்பு என்ற பொருள்தரும் 'பிளெபரோபிளாஸ்டி' என்ற சொல்லை 1818-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிராஃபே பயன்படுத்தினார். அப்போது அது புற்றுநோயால் சிதைந்த இமையைத் திரும்ப அமைக்கும் சிகிச்சையைக் குறித்தது. பின்னர் முதுமையில் தொங்கும் தோலையும் கொழுப்பையும் நீக்கும் சிகிச்சைக்கு அப்பெயர் வழங்கலாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவர்களின் கவனம் தோலிலிருந்து தசைக்கு நகர்ந்தது. 1883-இல் ஆஸ்கர் எவர்ஸ்புஷ் இமைதூக்கித் தசையையே சுருக்கித் தைக்கும் முறையை வெளியிட்டார். அத்தசை முற்றிலும் வலுவிழந்தவர்களுக்கு வேறொரு வழி காணப்பட்டது. இமை தாழ்ந்தவர்கள் நெற்றியைச் சுருக்கிப் புருவத்தை உயர்த்திப் பார்ப்பது வழக்கம். அந்த நெற்றித் தசையோடு இமையை இணைத்துவிட்டால் நெற்றியே இமையைத் தூக்கும். 1880-இல் பிரெஞ்சு மருத்துவர் திரான்சார் இதற்கு நூல் தையலைப் பயன்படுத்தினார். பின்னர் தொடையிலிருந்து எடுத்த தசைநார்ப் பட்டையும், 1960-களிலிருந்து சிலிக்கோன் இழையும் பயன்பட்டன. இதை நெற்றித்தசைத் தொங்கல் முறை எனலாம்.

காலையில் உயர்ந்து மாலையில் தாழும் இமை

இதே காலத்தில் நரம்பு மருத்துவர்கள் விந்தையான ஒரு நோயை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அதன் முதல் குறிப்பு 1672-இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இலத்தீனில் எழுதிய நூலில் காணப்படுகிறது. நன்றாகப் பேசத் தொடங்கும் ஒரு பெண், நீண்ட நேரம் பேசியதும் ஒரு சொல்லும் பேச இயலாதவராகிவிடுவார் என்றும், ஓரிரு மணி நேரம் கழிந்த பிறகே குரல் திரும்பும் என்றும் அவர் பதிவுசெய்தார். ஓய்வெடுத்தால் திரும்பும் வலிமை, பயன்படுத்தினால் குறையும் வலிமை ஆகிய இரண்டுமே இந்நோயின் அடையாளங்கள்.

அக்குறிப்பு இருநூறு ஆண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1879-இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் எர்ப், இமைத்தொய்வையும் மெல்லுதல், விழுங்குதல் ஆகியவற்றில் ஏற்படும் சோர்வையும் ஒரே நோயின் கூறுகளாக விவரித்தார். 1893-இல் வார்சாவின் சாமுவேல் கோல்ட்ஃப்ளாம், அறிகுறிகள் கூடியும் குறைந்தும் வருவதை விரிவாக எழுதினார். 1895-இல் பெர்லினின் ஃபிரெடரிக் ஜாலி, தசையை மின்சாரத்தால் திரும்பத் திரும்பத் தூண்டும்போது அதன் சுருக்கம் படிப்படியாகக் குறைவதைக் காட்டி, மயஸ்தீனியா கிராவிஸ் என்ற பெயரையும் வழங்கினார். 'கடுமையான தசை வலுக்குறைவு' என்பது அதன் பொருள்.

இந்நோயால் இறந்தவர்களின் மூளையையும் நரம்புகளையும் உடற்கூறாய்வு செய்தபோது, அறிகுறிகளை விளக்கும் அளவுக்குக் குறையேதும் தென்படவில்லை. காலையில் உயர்ந்திருக்கும் இமை மாலையில் தாழ்வதையும், ஒரு நாள் வலக்கண்ணிலும் மறுநாள் இடக்கண்ணிலும் தாழ்வதையும் கண்டு, நோயாளி நடிக்கிறார் என்றோ மனக்கோளாறு என்றோ கருதிய மருத்துவர்களும் இருந்தனர். இமை தாழ்ந்து பார்வை மறைந்தவர்களுக்கு மருத்துவத்தால் அன்று கொடுக்க முடிந்தது மூக்குக்கண்ணாடியின் உட்புறம் பொருத்தப்பட்ட மெல்லிய கம்பி முட்டு ஒன்றுதான். அது இமையைத் தாங்கிப் பிடிக்கும். எளிமையானதாயினும், வேண்டியபோது கழற்றி வைக்கக்கூடியது என்பதால் இன்றும் அது வழக்கொழியவில்லை.

1934: ஊசிமருந்தால் உயர்ந்த இமை

இலண்டனின் கிரீனிச் பகுதியில் ஏழைகளுக்கான மருத்துவமனையாகத் தொடங்கிய செயின்ட் அல்ஃபேஜ் மருத்துவமனையில் பணியாற்றியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் மேரி வாக்கர் (1888–1974). மயஸ்தீனியா நோயாளியின் தளர்ச்சி, அம்பு நுனியில் தடவப்படும் கியுராரே நஞ்சினால் வரும் தளர்ச்சியை ஒத்திருப்பதை அவர் எண்ணிப் பார்த்தார். அந்த நஞ்சுக்கு மாற்றாக அறியப்பட்டிருந்தது ஃபைசோஸ்டிக்மின் என்ற மருந்து. மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரையிலிருந்து கிடைக்கும் அம்மருந்து, கண்ணழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தாக 1870-களிலிருந்தே கண் மருத்துவர்களிடம் இருந்துவந்தது.

1934-இல் வாக்கர் அதை ஒரு பெண் நோயாளிக்கு ஊசிவழிச் செலுத்தினார். ஒரு மணி நேரத்துக்குள் தாழ்ந்திருந்த இமை உயர்ந்தது. சில மணி நேரத்தில் மருந்தின் ஆற்றல் தீர்ந்ததும் இமை மீண்டும் தாழ்ந்தது. இமை உயர்ந்த ஒளிப்படங்களுடன் இச்செய்தி 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு, அதைவிட ஏற்ற மருந்தான நியோஸ்டிக்மினின் பயனையும் அவர் எடுத்துக்காட்டினார்.

இமையின் வரலாற்றில் இது பெரிய திருப்பம். தோலையும் தசையையும் தொடாமலே இமையை உயர்த்த முடிந்ததென்றால், கோளாறு தோலிலோ தசையின் நீளத்திலோ இல்லை என்பது உறுதியாயிற்று. நரம்பு நுனியிலிருந்து வெளிப்படும் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளே தசையைச் சுருங்கச் செய்கிறது. அதைச் சிதைக்கும் நொதியை இம்மருந்துகள் தடுக்கின்றன. எனவே அசெட்டைல்கோலின் சற்றுக் கூடுதல் நேரம் நின்று செயல்படுகிறது. 1952 முதல் எட்ரோஃபோனியம் என்ற விரைவு மருந்து நோயைக் கண்டறியப் பயன்பட்டது. அதைச் செலுத்தினால் ஒரு நிமிட அளவில் இமை உயர்ந்து, சில நிமிடங்களில் தாழ்ந்துவிடும்.

கட்டுவிரியனின் நஞ்சு காட்டிய காரணம்

அசெட்டைல்கோலின் ஏன் போதாமல் போகிறது என்ற கேள்வி எஞ்சியிருந்தது. 1936-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளேலாக், மயஸ்தீனியா கொண்ட ஓர் இளம்பெண்ணின் மார்பிலிருந்து தைமஸ் சுரப்பிக் கட்டியை நீக்கினார். அதன்பின் அவரது தசை வலிமை மேம்பட்டது. நோய் எதிர்ப்பு ஆற்றலோடு தொடர்புடைய சுரப்பி தைமஸ். 1960-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் சிம்ப்சன், உடலின் எதிர்ப்பாற்றல் தன் தசையையே தாக்குவதால் இந்நோய் வருகிறது என்ற கருதுகோளை முன்வைத்தார்.

அதை மெய்ப்பிக்க உதவியது ஒரு பாம்பின் நஞ்சு. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கட்டுவிரியன் கடித்தவருக்குக் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் தூக்கம் வந்ததுபோல் இமைகள் தாழ்வதே நஞ்சு ஏறியதன் முதல் அடையாளமாக இருக்கும். தைவானில் வாழும், அதே இனத்தைச் சேர்ந்த பலகட்டு விரியனின் நஞ்சை ஆராய்ந்த சாங், லீ ஆகிய இருவரும் 1963-இல் அதிலிருந்து ஆல்ஃபா-பங்காரோடாக்சின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தனர். தசையில் அசெட்டைல்கோலினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை இப்புரதம் இறுகப் பற்றிக்கொள்கிறது. எனவே ஏற்பிகளைக் கண்டறிந்து எண்ணும் கருவியாக அது விஞ்ஞானிகளுக்கு வாய்த்தது.

1973-இல் இரண்டு முடிவுகள் வெளிவந்தன. மயஸ்தீனியா நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் மிகவும் குறைந்திருப்பது இந்நஞ்சைக் கொண்டு காட்டப்பட்டது. ஜிம் பேட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ரோம் ஆகியோர் மின்விலாங்கிலிருந்து பிரித்த ஏற்பியை முயல்களுக்குச் செலுத்தினர். முயல்களின் உடல் அந்த ஏற்பிக்கு எதிராக எதிர்ப்பொருள்களை உருவாக்கியது. அவை மயஸ்தீனியா நோயாளிகளைப் போலவே தளர்ந்தன. 1976-இல் நோயாளிகளின் இரத்தத்திலேயே அந்த எதிர்ப்பொருளைக் கண்டறியும் சோதனை வந்தது. 2001-இல் மஸ்க் எனப்படும் வேறொரு தசைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளும் கண்டறியப்பட்டது. இமை தாழ்வதற்கான காரணம் இமையில் அன்று, உடலின் எதிர்ப்பாற்றலில் இருக்கிறது என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

கத்திக்கு முன் கண்டறிதல்

நோயின் காரணம் தெரிந்ததால் இமை அறுவை மருத்துவரின் முதல் கடமையும் மாறியது. எவ்வளவு தோலை எடுப்பது என்பதற்கு முன், இமை ஏன் தாழ்ந்தது என்று கேட்க வேண்டியதாயிற்று. அறுபது வயதைக் கடந்தவரிடம் இந்தக் கேள்வி இன்னும் இன்றியமையாதது. முதுமையில் தோல் தளர்வதும், இமைதூக்கித் தசையின் நார் விரிந்து இமை தாழ்வதும் வழக்கமானவை. மயஸ்தீனியாவும் முதுமையில் புதிதாகத் தோன்றக்கூடியதே. முதுமைத் தொய்வு என்று கருதி இமை அறுவை செய்த பின்னரே மயஸ்தீனியா கண்டறியப்பட்ட நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வந்துள்ளன.

வேறுபடுத்தி அறியும் வழிகள் பல எளியவை. மேல் இமை விளிம்புக்கும் கண்மணியில் தெரியும் ஒளிப்புள்ளிக்கும் உள்ள தொலைவு இயல்பாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். நோயாளியைச் சிறிது நேரம் மேல்நோக்கிப் பார்க்கச் செய்தால், மயஸ்தீனியாவில் இத்தொலைவு கண்ணெதிரே குறைந்துகொண்டே வரும். கீழே பார்த்த கண்ணைத் திடீரென நேராகப் பார்க்கச் சொன்னால் இமை ஒரு கணம் துள்ளி உயர்ந்து தாழும். 1965-இல் டேவிட் கோகன் விவரித்த அடையாளம் இது. 1979-இல் வெளியான குளிர்ச் சோதனை இன்னும் எளிது. மூடிய இமைமேல் பனிக்கட்டிப் பையை இரண்டு நிமிடம் வைத்து எடுத்தால், மயஸ்தீனியா இமை 2 மில்லிமீட்டர் அளவுக்கு உயரக்கூடும். குளிர்ச்சி அசெட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியின் வேகத்தைக் குறைப்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இரத்தச் சோதனையை மட்டும் நம்பி முடிவுசெய்ய இயலாது. உடல் முழுதும் பரவிய நோயில் ஏற்பி எதிர்ப்பொருள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினரிடம் காணப்படுகிறது. கண்ணோடு நிற்கும் நோயிலோ பாதிப்பேரிடம்தான் காணப்படுகிறது. எனவே தேவையானவர்களுக்குத் தசை மின்பதிவும், தைமஸ் கட்டியை அறிய மார்பு ஊடுகதிர் வரைவும் செய்யப்படுகின்றன. கண்ணில் தொடங்கும் நோய் பலருக்கு விழுங்கும் தசை, கை கால், மூச்சுத் தசை ஆகியவற்றுக்கும் பரவும். பரவுவோரில் பெரும்பாலோருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் இது நிகழ்கிறது. இமையை மட்டும் திருத்திக்கொண்டு நோயைக் கவனியாமல் விடுவதன் ஆபத்து இதுவே.

அறுவைச் சிகிச்சையை எண்ணிப் பார்க்கும்போது

மயஸ்தீனியா உள்ளவருக்கு இமை அறுவை கூடவே கூடாது என்பதில்லை. பைரிடோஸ்டிக்மின், ஸ்டீராய்டு, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் ஆகியவற்றால் பலருக்கு இமை உயர்ந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் மருந்து உட்கொண்டும், இரட்டைப் பார்வை அடங்கியும், இமை மட்டும் உயராமல் பார்வையை மறைக்கும் நோயாளிகளும் உள்ளனர். சிலருக்கு மருந்தின் பக்கவிளைவு தாங்க முடியாததாகிறது. இத்தகையோருக்கு அறுவை பயன்தரலாம்.

முதல் நிபந்தனை, நோய் நெடுநாள் ஒரே நிலையில் நின்றிருக்க வேண்டும் என்பதாகும். இன்று 3 மில்லிமீட்டர் உயர்த்தப்பட்ட இமை, மருந்தால் தசை வலிமை திரும்பும்போது அளவுக்கு மீறி உயர்ந்துவிடும். நோய் மீண்டும் கூடினால் பழையபடி தாழும். மேலும், இரு இமைகளுக்கும் மூளையிலிருந்து செல்லும் தூண்டுதல் ஒரே அளவினது. தாழ்ந்த இமையைத் தூக்க மூளை கூடுதல் முயற்சி செய்துகொண்டிருக்கும். அந்த இமையை அறுவையால் உயர்த்தியதும் முயற்சி குறையும். அப்போது நன்றாக இருப்பதாகத் தோன்றிய மறு இமை தாழக்கூடும்.

இரண்டாவது, கருவிழியின் பாதுகாப்பு. கண்ணை மூடும்போது கண்விழி மேல்நோக்கிச் சுழல்வது இயல்பு. சார்லஸ் பெல் 1823-இல் விவரித்த இந்த அசைவு, உறக்கத்தில் இமை சற்றுத் திறந்திருந்தாலும் கருவிழியைக் காக்கிறது. மயஸ்தீனியாவில் கண்விழியை அசைக்கும் தசைகளும், இமையை மூடும் வட்டத் தசையும் வலுவிழந்திருக்கலாம். அந்நிலையில் இமையை மிகுதியாக உயர்த்தினால் கண் சரியாக மூடாது. கருவிழி உலர்ந்து புண்ணாகும். தாழ்ந்த இமை மறைத்துவைத்திருந்த இரட்டைப் பார்வையும் வெளிப்படும். இதனால்தான் இந்நோயாளிகளுக்கு இமை வேண்டுமென்றே சற்றுக் குறைவாக உயர்த்தப்படுகிறது. பின்னர் தளர்த்தவோ எடுத்துவிடவோ கூடிய சிலிக்கோன் இழைத் தொங்கல் பலருக்குத் தேர்ந்தெடுக்கப்படுவதும் இதனாலேயே.

மூன்றாவது, மருந்துகள். பொது மயக்கத்தில் பயன்படும் தசைத் தளர்த்திகளை இந்நோயாளிகளின் உடல் இயல்புக்கு மாறாக ஏற்கும். எனவே இயன்றவரை இமையை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை செய்யப்படுகிறது. ஜென்டாமைசின் போன்ற அமினோகிளைகோசைடு வகை, அசித்ரோமைசின் போன்ற மேக்ரோலைடு வகை, சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற வகை ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகள் நோயைக் கூட்டக்கூடியவை. அழகு சிகிச்சையில் முகச் சுருக்கத்துக்கு இடப்படும் போட்டாக்ஸ் ஊசியும் அவ்வாறே. அசெட்டைல்கோலின் வெளிப்படுவதையே அது தடுக்கிறது. 2020-இல் அமெரிக்காவில் இமைத்தொய்வுக்கென ஆக்சிமெட்டாசோலின் சொட்டு மருந்து ஒப்புதல் பெற்றது. அது இமையைச் சில மணி நேரம் உயர்த்தும். இமைத்தொய்வு மயஸ்தீனியா போன்ற நரம்பு நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை அம்மருந்தின் குறிப்பிலேயே அச்சிடப்பட்டுள்ளது.

இன்றைய நடைமுறை

2016-இல் வெளியான 126 நோயாளிகளின் பன்னாட்டு ஆய்வு, ஏற்பி எதிர்ப்பொருள் கொண்ட, உடல் முழுதும் பரவிய நோயில் தைமஸ் சுரப்பியை நீக்குவது பயன்தருவதைக் காட்டியது. 2021 முதல் எதிர்ப்பொருளின் அளவையே குறைக்கும் புதுவகை மருந்துகளும் வந்துள்ளன. நோயைக் கட்டுப்படுத்தும் வழிகள் கூடக்கூட, இமை அறுவை கடைசிப் படியாகத் தள்ளிவைக்கப்படுகிறது.

அந்தப் படியை எட்டியவரின் வழக்கில் நரம்பு மருத்துவர், இமைச் சீரமைப்பில் பயிற்சி பெற்ற கண் மருத்துவர், மயக்க மருத்துவர் ஆகிய மூவரும் கலந்தே முடிவெடுக்கின்றனர். நோயாளி தன் பங்காகச் செய்யக்கூடிய பயனுள்ள வேலை ஒன்று உண்டு. காலை எழுந்ததும், நண்பகலிலும், இரவு உறங்குமுன்பும் ஒரே ஒளியில், ஒரே தொலைவில் முகத்தைப் படமெடுத்து, மருந்து உட்கொண்ட நேரத்தையும் உடன் குறித்துவைக்க வேண்டும். சில மாதங்களின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இமை நிலையாக நிற்கிறதா, இன்னும் ஏறி இறங்குகிறதா என்பது மருத்துவருக்குத் தெரியும். ஏறி இறங்கும் வரையில் அறுவைக்கு நாள் குறிக்கப்படுவதில்லை.